கட்டி நல்லதா, கெட்டதா? கொழுப்பு தரும் துப்பு!

காஞ்சிபுரம் பட்டுச்சேலையை யாரும் அப்படியே பெட்டியில் போடுவது இல்லை. வெள்ளைத் துணியில் சுற்றித்தான் வைப்பார்கள்.

நம் உடம்பிலும் அப்படிச் சுற்றி வைத்த பொருள் ஒன்று உண்டு. அதுதான் சிறுநீரகம். "குண்டிக்காய்" என்றும் சொல்வார்கள். முதுகுப் பக்கம், பக்கத்துக்கு ஒன்றாக 2 இருக்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றிக் கொழுப்பு, மெத்தை போல இருக்கிறது. அடி பட்டால் அது தாங்கிக்கொள்ளும்.

அந்தக் கொழுப்பு இப்போது டாக்டருக்குத் துப்பும் சொல்கிறது!

புற்று நோயின் கொடுமையைக் காஞ்சிபுரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது இல்லை. அங்கே பிறந்த அறிஞர் அண்ணாவை 1969 பிப்ரவரி 3-ந் தேதி பறித்துக்கொண்டது அந்த நோய்தான். அவர் பெயரில் காரப்பேட்டையில் அரசு புற்று நோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. அண்ணாவுக்கு வந்தது உணவுக் குழாயில். சிறுநீரகத்திலும் அது வருவது உண்டு.

எல்லாம் புற்று அல்ல

ஆனால், சிறுநீரகத்தில் வரும் கட்டி எல்லாம் புற்று அல்ல. 4 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிகளை ஆபரேஷன் செய்து எடுத்துப் பார்த்தால், சுமார் 5-ல் ஒன்று சாதுவான கட்டி! அறுத்த பிறகு தெரிந்து என்ன பயன்?

முன்கூட்டியே பார்க்க உதவுவது சி.டி. ஸ்கேன். இங்கிலாந்தில் 1971-ல் முதல் நோயாளியைப் படம் பிடித்த கருவி இது. வாழைத்தண்டை வட்டமாக நறுக்கியது போல, உடம்பைக் குறுக்கே காட்டும். அதில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும். அதன் கனத்தை அளந்துவிடலாம்.

அப்படி அளந்து பார்த்தார்கள். சின்னக் கட்டி உள்ளவர்களில், சுற்றுக் கொழுப்பு தடித்தவர்களிடம் கெட்ட கட்டி அதிகமாக இருந்தது!

இதில் ஒரு வேடிக்கை. கொழுப்பு கட்டிக்கு உள்ளேயே இருந்தால், அது பெரும்பாலும் சாதுக் கட்டி!

தொப்பையைத் தடவிப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒல்லியான ஆளுக்கும் உள்ளே கொழுப்பு தடித்திருக்கலாம். தடித்திருந்தாலே புற்று என்றும் அர்த்தம் இல்லை. இது துப்புதான், தீர்ப்பு அல்ல. ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிப்பதா, ஆபரேஷன் செய்வதா, சில மாதம் பொறுத்து மறுபடி ஸ்கேன் எடுப்பதா என்று முடிவு செய்ய டாக்டருக்கு அது உதவும்.

நாள் முழுதும் தறியில் உட்காரும் நெசவாளிக்கு முதுகு வலி சகஜம். ஆனால், வலியே இல்லாமல் சிறுநீர் ரத்தமாகப் போனால் சும்மா இருக்கக் கூடாது. ஒரே தடவை போய் நின்றுவிட்டாலும் சரி, உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.