வகுப்பறையில் யாருக்கு என்ன கடமை?

கற்பிப்பது ஆசிரியரின் கடமை, கீழ்ப்படிவது மாணவரின் கடமை என்று கல்லூரி மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. இப்பிரிவினை நமக்கு ஏற்புடையதன்று. அகமதிப்பீட்டு மதிப்பெண்ணும் வருகைப் பதிவேடும் ஒருவர் கையில் மட்டுமே இருக்கும் அறையில், இருவர் கடமையும் ஒரே எடையுடையவை ஆகா. தேவதானத்திலிருந்து இராஜபாளையத்துக்கோ திருவில்லிபுத்தூருக்கோ பேருந்தேறிச் செல்லும் முதல் தலைமுறை மாணவர், பட்டம் பெறுவதும் படிப்பைப் பாதியில் விடுவதும் அந்த மதிப்பெண்ணைப் பொறுத்தே அமையலாம்.

இவ்வதிகாரம் எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதை நம் விருதுநகர் மாவட்டமே கண்டது. அருப்புக்கோட்டைக் கல்லூரி ஒன்றின் உதவிப் பேராசிரியர், உயர் பொறுப்பிலுள்ளோரின் பாலியல் இச்சைக்கு இணங்குமாறு மாணவியர் நால்வரைத் தூண்டிய தொலைபேசி உரையாடல் 2018 ஏப்ரலில் வெளியானது. மதிப்பெண்ணும் பணமும் அதில் ஆசை காட்டப்பட்டன. மாணவியர் மறுத்தனர். 2024 ஏப்ரல் 30 அன்று திருவில்லிபுத்தூர் மகளிர் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. குற்றஞ்சாட்டப்பட்ட மற்ற இருவர் விடுவிக்கப்பட்டனர். கீழ்ப்படிதலே கடமை என்று அம்மாணவியர் எண்ணியிருந்தால் அவ்வழக்கே தோன்றியிராது.

இதே அதிகாரம் சாதியோடு சேரும்போது பெரும்பாலும் சத்தமின்றிச் செயல்படுகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டுச் சமத்துவ விதிகள் அதன் வடிவங்களைப் பட்டியலிடுகின்றன: வகுப்பில் மாணவரின் சாதியை அறிவித்தல், இட ஒதுக்கீட்டில் வந்தவர் என முத்திரை குத்துதல், குறைந்த மதிப்பெண்ணுக்குச் சாதியைக் காரணங்காட்டுதல், ஆசிரியரைச் சந்திக்கும் நேரத்தில் வேறுபாடு காட்டுதல். சம வாய்ப்புப் பிரிவும் பாகுபாட்டுத் தடுப்பு அலுவலரும் கல்லூரியில் இருக்க வேண்டும்; புகார்மீது 60 நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். ரோகித் வெமுலா, பாயல் தாட்வி ஆகியோரின் தாயார்கள் உச்ச நீதிமன்றம் சென்றதே இவ்விதிகள் ஏட்டளவில் நின்றதால்தான். 2026 ஜனவரியில் வெளியான புதிய விதிகளை உச்ச நீதிமன்றம் ஜனவரி 29 அன்று நிறுத்திவைத்து, 2012 விதிகளே தொடரும் என்றது. ஆகவே பாகுபாடின்றி நடத்துவது ஆசிரியர் காட்டும் பெருந்தன்மை அன்று. அவரைக் கட்டுப்படுத்தும் விதி.

மாணவரின் கடமைகளில் அதிகம் பேசப்படாதது சாட்சி சொல்வது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்) பிரிவு, பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் இழைக்கப்படும் இழிவையே குற்றமாக்குகிறது. பிறர் எவரும் இல்லாத நான்கு சுவர்களுக்குள் பேசப்பட்டது இதில் அடங்காது என 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. வகுப்பறையிலோ ஐம்பது பேர் அமர்ந்திருக்கிறார்கள். அந்த ஐம்பது பேரும் "காதில் விழவில்லை" என்றால், நீதிமன்றத்தில் அது ஆளில்லாத அறைக்குச் சமம். நாளும் நேரமும் சொன்ன சொல்லும் அன்றே எழுதப்பட வேண்டும். சாட்சிகளுக்குப் பாதுகாப்பளிக்கும் 15ஏ பிரிவும் அச்சட்டத்தில் உண்டு.

இன்னொரு கடமையும் உண்டு. 2023இல் நாங்குநேரியில் தலித் மாணவர் உடன் பயின்றவர்களாலேயே வெட்டப்பட்டபின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் சாதி அடையாளக் கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. மணிக்கட்டில் சாதியைக் கட்டி வருபவர் ஆசிரியரிடம் சமத்துவம் கேட்க முடியாது. தலித் ஆசிரியர் பாடம் நடத்தும் வகுப்பில் அதிகாரம் தலைகீழாகிறது; அங்கே மதிப்பெண்ணைவிடச் சாதி வலிமையானது. அவரது சொல்லுக்குரிய மரியாதையைக் காப்பது மாணவரின் பொறுப்பு. அவர் இழிவுபடுத்தப்பட்டால் அதே சட்டம் அவருக்கும் துணை நிற்கும்.

இப்பருவம் முடியுமுன் நாம் செய்யத்தக்க செயல் ஒன்று உண்டு. நம் கல்லூரியின் பாகுபாட்டுத் தடுப்பு அலுவலர் யார், இதுவரை எத்தனை புகார்கள் வந்தன, அவற்றின் முடிவு என்ன என்று முதல்வரிடம் எழுத்தில் கேட்போம். அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் இதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழும் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அலுவலரே நியமிக்கப்படவில்லை என்று பதில் வந்தால், நம் முதல் புகார் அதைப் பற்றியே இருக்கட்டும்.