பிள்ளையின் நோயைப் பள்ளிக்கூடத்தில் மறைக்க வேண்டாம்



ஜூன் மாதம் வந்தால் நமது டிரஸ்ட் அலுவலகத்தில் நோட்டு, சீருடை, கல்விக் கட்டண உதவி கேட்டு வருபவர்களின் கூட்டம் இருக்கும். சென்ற வருடம் அப்படி வந்த ஓர் உம்மா, மனுவை எழுதி முடித்த பிறகு தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னார். ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு ஒன்பது வயதிலிருந்து சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் ஊசி. பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது. மதியச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய ஊசியை அந்தப் பிள்ளை கழிவறைக்குள் நின்றுகொண்டு போடுகிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "பொம்பளப் புள்ள. நாளைக்குச் சம்பந்தம் பேச வர்றவங்க காதுக்குப் போனா என்ன ஆகும்?" என்றார்.

அவருடைய கவலை நமக்குப் புரியாதது அல்ல. ஆனால் மறைப்பதில் உள்ள ஆபத்து அதைவிடப் பெரியது.

பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வருவது முதல் வகைச் சர்க்கரை நோய். இனிப்புத் தின்றதால் வருவதல்ல. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதும் அல்ல. உடம்பில் இன்சுலின் சுரப்பதே ஏறக்குறைய நின்றுவிடுவதால், மாத்திரை போதாது, ஊசிதான் போட வேண்டும். ஊசி தவறினால் சர்க்கரை ஏறும். ஊசி போட்டுவிட்டுச் சாப்பாடு தாமதமானாலோ, பி.டி. பீரியடில் வழக்கத்தைவிட அதிகமாக ஓடினாலோ சர்க்கரை இறங்கிவிடும். 70-க்குக் கீழே போனால் வியர்வை, கை நடுக்கம், பசி, எரிச்சல், தடுமாறிய பேச்சு வரும். நோய் தெரியாத ஆசிரியர் இதைப் பார்த்தால், 'காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறாள், கொஞ்ச நேரம் படுக்கட்டும்' என்றுதான் நினைப்பார். அப்படிப் படுக்க வைப்பதுதான் ஆபத்து. தெரிந்தவராக இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ குளுக்கோஸையோ தண்ணீரில் கரைத்து உடனே கொடுப்பார். 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதித்து, சரியானதும் பிஸ்கட்டோ சாப்பாடோ தருவார். மயங்கிவிட்ட பிள்ளையின் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும்.

நம் பக்கத்துப் பள்ளிகள் பெரும்பாலானவற்றில் நர்ஸ் கிடையாது. முதலுதவிப் பெட்டியும் வகுப்பாசிரியரும்தான். ஆகவே அவர் கையில் ஒரு கடிதம் இருக்க வேண்டும். பிள்ளையின் பெயர், வகுப்பு, நோய், மருந்தின் பெயர், அளவு, நேரம், இன்ன அறிகுறி தெரிந்தால் இன்னது செய்யுங்கள் என்ற வரி, இரண்டு போன் நம்பர். டாக்டர் சீட்டின் நகலையும் சேர்த்துத் தலைமையாசிரியரிடம் ஒன்று, வகுப்பாசிரியரிடம் ஒன்று கொடுங்கள். மாத்திரையைக் காகிதத்தில் மடித்து அனுப்பாதீர்கள்; பெயரும் காலாவதித் தேதியும் தெரியும்படி அட்டையோடு அனுப்புங்கள். நம் பிள்ளையின் மருந்தை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது என்பதையும் சொல்லி வையுங்கள்.

சில பள்ளிகள் 'ஊசியெல்லாம் இங்கே வேண்டாம்' என்று தட்டிக்கழிக்கும். முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள மாணவர்கள் தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் கொண்டுபோக சி.பி.எஸ்.இ. 2017-லேயே அனுமதித்துவிட்டது. இத்தகைய பிள்ளைகள் வகுப்பில் சர்க்கரை பார்க்கவும், ஊசி போடவும், இடையில் சிற்றுண்டி சாப்பிடவும் அனுமதிக்க வேண்டும் என்று தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் மாநிலங்களுக்கு எழுதியது. மரியாதையாக இதை எடுத்துச் சொன்னால் பெரும்பாலான தலைமையாசிரியர்கள் ஒத்துக்கொள்கிறார்கள்.

வலிப்பு உள்ள பிள்ளைக்கு மாத்திரை பெரும்பாலும் வீட்டிலேயே முடிந்துவிடும். பள்ளிக்குத் தெரிய வேண்டியது மருந்தல்ல, வலிப்பு வந்தால் என்ன செய்வது என்பதுதான். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும், பல்லுக்கிடையில் கரண்டி வைப்பதும் கூடாது. ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் 108. இழுப்பு உள்ள பிள்ளையின் இன்ஹேலர் அதன் பையிலேயே இருக்கட்டும். அலுவலக பீரோவில் பூட்டி வைத்தால் மூச்சுத் திணறும் நேரத்தில் சாவி தேட வேண்டிவரும். 'பம்ப் பழக்கமாகிவிடும்' என்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வருபவர்களும் நம்மில் இருக்கிறார்கள். அது தவறான எண்ணம்.

பள்ளியிலேயே தரும் மாத்திரைகள் பற்றியும் கேட்கிறார்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தரும் குடற்புழு மாத்திரை அல்பெண்டசோல். பெரிய பிள்ளைகள் மென்று விழுங்க வேண்டும். காய்ச்சலோ வேறு உடல்நலக் குறைவோ இருந்தால் அன்று வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். விடுபட்டவர்களுக்கு ஒரு வாரத்தில் மறுபடி தருவார்கள். வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயப்பட வேண்டாம். ரமலானில் நோன்பு வைத்திருக்கும் பிள்ளை அதை வாங்கி வந்து இஃப்தாருக்குப் பிறகு சாப்பிடலாம் என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

இன்சுலின் போடும் பிள்ளை நோன்பு வைக்க ஆசைப்பட்டால் டாக்டரைக் கேட்காமல் சம்மதிக்காதீர்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. தேவைப்பட்டால் பிள்ளையை ஆலிமிடம் அழைத்துப் போய் அவர் வாயாலேயே கேட்கச் செய்யுங்கள்.

மத்ரஸாவையும் மறந்துவிடாதீர்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக ஓதப் போகும் பிள்ளைக்கு மக்ரிப் வரை வயிற்றில் ஒன்றும் இருக்காது. உஸ்தாதுக்கும் ஒரு கடிதம் கொடுங்கள்.

மேலே சொன்ன பிள்ளையின் வாப்பா தயங்கித்தான் பள்ளிக்குப் போனார். இப்போது அந்தப் பிள்ளை ஆசிரியைகள் அறையில் உட்கார்ந்து ஊசி போடுகிறது. வகுப்பாசிரியையின் மேஜை டிராயரில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் இருக்கிறது. விஷயம் வகுப்பைத் தாண்டி வெளியே போகவும் இல்லை.

கடிதம் எழுதச் சிரமமாக இருந்தால் டாக்டர் சீட்டோடு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கிறது. அங்கே தனியாகப் போகத் தயங்குபவர்களோடு எங்களில் ஒருவர் வருவார், இன்ஷா அல்லாஹ்.