தந்தம் இல்லாமலும் இசை உண்டு

கிதார் வாசிப்பவரின் இடக்கை விரல்கள் ஓடும் நீண்ட பலகையை நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். அதில் அங்கங்கே வெண்புள்ளிகள் பதிக்கப்பட்டிருக்கும். இவை வெறும் அலங்காரம் என்று நினைப்போர் பலர். உண்மையில் அவை சாலையோரத்து மைல்கற்களைப் போன்றவை. பெரும்பாலான கிதார்களில் 3, 5, 7, 9 ஆகிய மெட்டுகளில் ஒவ்வொரு புள்ளியும், 12-ஆம் மெட்டில் இரண்டு புள்ளிகளும் இருக்கும். 12-ஆம் மெட்டுக்கு ஏன் இந்தத் தனிச்சிறப்பு? அங்கேதான் தந்தியின் நீளம் சரிபாதியாகிறது. கீழ் ஸட்ஜம் அங்கே மேல் ஸட்ஜமாகிறது. புள்ளிகள் உதிர்ந்துவிட்டால், புதிதாகக் கற்கும் மாணவி வழி தெரியாமல் தடுமாறுவாள்.

கிதார் நம் கம்பம் பள்ளத்தாக்குக்கு அந்நியமானதன்று. பண்ணைப்புரத்தில் 1943-இல் பிறந்த இசையமைப்பாளர் இளையராஜா, இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிதார்த் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர் என்பதை நாம் அறிவோம். மேலும், உலகின் பல நாடுகளில் செய்யப்படும் கிதார்களின் விரற்பலகைக்கு, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம் பெரிதும் விரும்பப்படுகிறது. ஆகவே கடல் கடந்து வந்த கிதாரிலும் நம் மலையின் ஒரு துண்டு இருக்கக்கூடும்!

எங்கள் பாடகர் குழுவின் பழைய மின்கிதாரில் சில புள்ளிகள் உதிர்ந்துபோயின. அதே பொருள் கடையில் கிடைக்கவில்லை. அதற்கு மாற்று எது என்று தேடத் தொடங்கியபோது நாங்கள் அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறோம்.

பழைய கருவிகளில் பதிப்பு வேலைக்குப் பெரும்பாலும் முத்துச்சிப்பியோ செல்லுலாய்டோ பயன்பட்டது. செல்லுலாய்டு பிறந்த கதை சுவையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பில்லியர்ட்ஸ் பந்துகள் யானைத் தந்தத்தால் செய்யப்பட்டன. தந்தத்துக்கு மாற்றுத் தேடிய அமெரிக்கர் ஜான் வெஸ்லி ஹயாத், 1870-ஆம் ஆண்டையொட்டி நைட்ரோ செல்லுலோசையும் கற்பூரத்தையும் சேர்த்து இப்பொருளை உருவாக்கினார். அண்மைக் காலம் வரை நாம் ஆடிய டேபிள் டென்னிஸ் பந்தும் செல்லுலாய்டுதான். 2014-இல்தான் பன்னாட்டுப் போட்டிகளில் வேறு பிளாஸ்டிக் பந்துகள் வந்தன.

செல்லுலாய்டில் இரு குறைகள் உண்டு. ஆண்டுகள் செல்லச் செல்ல அதிலுள்ள கற்பூரம் மெல்ல ஆவியாகும், பொருள் சுருங்கும், பசையை விட்டுக் கழன்று விழும். இரண்டாவது, அது மிக விரைவில் தீப்பற்றும். பழைய புள்ளியைத் துணியால் அழுத்தித் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசனை வந்தால் அது செல்லுலாய்டு. நெருப்பைக் காட்டிச் சோதிப்பது கூடவே கூடாது.

இதே சிக்கலை நம் தஞ்சாவூர் வீணைக் கலைஞர்கள் வெகு காலத்துக்கு முன்பே சந்தித்துவிட்டார்கள். பலா மரத்தில் குடைந்து, 24 மெட்டுகளை மெழுகில் பதித்துச் செய்யப்படும் அந்த வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதன் குடத்தின் ஓரங்களிலும் தண்டியிலும் முற்காலத்தில் தந்தத் தகடும் மான் கொம்புத் தகடும் பதித்து, சித்திரம் கீறி, கோடுகளில் வண்ணம் நிரப்புவார்கள். இன்று அந்த இடத்தில் வெண்பிளாஸ்டிக் தகடு வந்துவிட்டது. கீறும் கையும் வண்ணமும் மாறவில்லை. பொருள் மட்டுமே மாறியது. வீணையின் நாதம் குறைந்துவிட்டதா? இல்லை. நாதம் பலாக் குடத்திலும் தந்தியிலும் மெட்டிலும் இருக்கிறது. ஓரத்துத் தகட்டில் இல்லை.

மின்கிதாருக்கும் இது பொருந்தும். தந்திகளுக்கு அடியில் காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச் சுருளும் இருக்கின்றன. எஃகுத் தந்தி அதிரும்போது அச்சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. அதுவே பெருக்கப்பட்டு ஒலியாகிறது. விரற்பலகையில் உள்ள புள்ளி சிப்பியா, எலும்பா, பிளாஸ்டிக்கா என்பது செவிக்குத் தெரியாது.

பழைய பொருளையே தேடிப் போகாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 'யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்' என்பது பழமொழி. இறந்த யானைக்கு விலை இருந்ததனால்தான் உயிருள்ள யானைக்கு ஆபத்து வந்தது. நம் பள்ளத்தாக்கை அடுத்த பெரியாறு காட்டில் தந்த வேட்டையால் ஆண் யானைகள் பெரிதும் அழிந்தன. ஆசிய யானைகளில் நீண்ட தந்தம் ஆணுக்கு மட்டுமே உண்டல்லவா? 1980-களின் இறுதியில் அங்கே வளர்ந்த ஆண் யானை ஒன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பெண் யானைகள் என்ற அவல நிலை இருந்தது. இந்தியாவில் 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1986-இல் இந்திய யானைத் தந்த வாணிகமும், 1991-இல் வெளிநாட்டுத் தந்த வாணிகமும் தடை செய்யப்பட்டன. 2023 மே மாதம் அரிக்கொம்பன் என்னும் ஆண் யானை கம்பம் நகருக்குள் வந்தபோது நாம் அஞ்சினோம். ஆனாலும், கொம்பன்களே இல்லாத காடு அதைவிட அஞ்சத்தக்கது.

அப்படியானால் எதைப் பதிப்பது? நம் வீட்டிலேயே விடைகள் உள்ளன.

முதலாவது, பழைய சட்டைகளின் சிப்பிப் பொத்தான். அது மெய்யான முத்துச்சிப்பி. கன்னத்தில் வைத்தால் பிளாஸ்டிக்கைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் நடுவில் துளைகள் உள்ளதால் பெரிய பொத்தானின் ஓரத்திலிருந்துதான் வட்டம் வெட்ட வேண்டும்.

இரண்டாவது, மாட்டெலும்பு. கொதிக்க வைத்துக் கொழுப்பை முழுதும் நீக்கி உலர்த்தினால் வெண்மையாக இருக்கும். உற்றுப் பார்த்தால் அதில் சிறு கரும்புள்ளிகள் தெரியும். தந்தத்திலோ குறுக்கு வெட்டில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் தெரியும். இவற்றைக் கொண்டு இரண்டையும் பிரித்தறியலாம்.

மூன்றாவது, தேங்காய்ச் சிரட்டை. நம் தோப்புகளில் இதற்குப் பஞ்சமில்லை. கடினமானது; நன்கு மெருகேறும். எனினும் கருநிற ஈட்டிப் பலகையில் அது கண்ணுக்குத் தெரியாது. வெளிர் நிறப் பலகைக்கே ஏற்றது.

நான்காவது, தையல் வகுப்பில் நாம் பயன்படுத்தும் வெண்பிளாஸ்டிக் பின்னல் ஊசி! 6 மில்லிமீட்டர் பருமனுள்ள ஊசியைத் துண்டுகளாக அறுத்தால் பலகையின் புள்ளிகள் கிடைக்கும். 2 மில்லிமீட்டர் ஊசி, கழுத்தின் பக்கவாட்டில் உள்ள சிறு புள்ளிகளுக்கு உதவும். எளியது, மலிவானது, ஒரே அளவானது. நாங்கள் தேர்ந்ததும் இதையே.

வேலை செய்யும் முறை இது. முதலில் தந்திகளைக் கழற்றி, மெட்டுகளின் மேல் காகித நாடா ஒட்டிக் காக்க வேண்டும். குழியிலுள்ள பழைய பசையைச் சுரண்டி எடுத்து, குழியின் அகலத்தையும் ஆழத்தையும் அளக்க வேண்டும். துண்டு குழியைவிட ஒரு மயிரிழை உயரமாக இருக்கட்டும். எபாக்சிப் பசையிட்டு ஒருநாள் முழுதும் விட்டுவிட வேண்டும். ஓரத்தில் இடைவெளி இருந்தால், ஈட்டி மரத்தூளைப் பசையில் குழைத்து அடைக்கலாம். பிறகு அரத்தாலும், முரடான உப்புத்தாளில் தொடங்கி மென்மையான தாள் வரையிலும் தேய்த்துச் சமன்படுத்த வேண்டும். சிப்பியையும் எலும்பையும் தேய்க்கும்போது எழும் தூள் நுரையீரலுக்குக் கேடு. ஆகவே மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடிக்கொண்டு, தண்ணீர் தெளித்தபடி தேய்ப்பதே நன்று. அறுக்கும் வேலைக்குப் பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும்.

இன்னொன்றும் முக்கியம். கழற்றிய பழைய புள்ளிகளைக் குப்பையில் எறியாமல், தீ அண்டாத இடத்தில் சிறு உறையில் வைக்க வேண்டும். எந்த மெட்டில், எந்த ஆண்டில், எந்தப் பொருளைப் பதித்தோம் என்று ஒரு தாளில் எழுதிக் கருவிப் பெட்டியிலேயே வைத்துவிட வேண்டும். மாற்றுப் பொருள் வைப்பது பொய்யாகாது. அதை மூலப் பொருள் என்று சொல்வதே பொய். நாளை அக்கருவியை ஏந்தும் தங்கைக்கு நாம் உண்மையையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

ஆகவே அன்புத் தோழியரே, உங்கள் இல்லத்துப் பரணில் பழைய வீணையோ கிதாரோ ஆர்மோனியமோ உறங்கிக் கொண்டிருந்தால், பழைய பொருள் கிடைக்கவில்லையே என்று அதைக் கைவிடாதீர்கள். ஓர் உயிரையும் வருத்தாத மாற்று நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. பொறுமையும் கூர்ந்த கண்ணும் இருந்தால் போதும்; மௌனமான கருவி மீண்டும் பாடும்.