வைக்கோலும் கிளுவை இலையும்

மட்டக்களப்பு வாவிக்குக் கதிரவன் எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. படுவான்கரை நெல்வயல்களுக்குப் பேர்போனது. எழுவான்கரையோ கடலுக்கும் வாவிக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணல் நிலம். களுதாவளை முதலிய ஊர்களிலே மரக்கறியும் வெற்றிலையும் விளைவது இம்மணலிலேதான். நீரைத் தாங்காத மணல் பசளையையும் தாங்காது. ஆகவே, நிலத்தை இலை தழைகளால் மூடும் மூடுபடை இவ்வூர்த் தோட்டங்களுக்கு மிகவும் வேண்டப்படுவது.

போட்ட இலையைப் பயிர் நேரே உண்பதில்லை. கறையானும் மண்புழுவும் அதனைத் துணிக்க, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணங்கிகள் அதனைச் சிதைக்கின்றன. அவை உண்டு எஞ்சியதே பயிருக்குக் கிட்டும். நுண்ணங்கிகளுக்குக் காபனோடு நைதரசனும் வேண்டும். ஒரு பங்கு நைதரசனுக்கு ஏறக்குறைய 25 பங்கு காபன் இருப்பின் அவற்றுக்குப் போதும். வைக்கோலிலோ காபன் 60 பங்குக்கும் மேல்! அதனை மண்ணோடு கலந்து புதைத்தால், நுண்ணங்கிகள் குறையை நிரப்ப மண்ணிலுள்ள நைதரசனையே பற்றிக்கொள்ளும். பயிர் சில வாரம் மஞ்சளித்து நிற்கும். மேலே பரப்பிவிட்டால் இத்தொல்லை மிகக் குறைவு. வைக்கோலிலுள்ள பொற்றாசியம் மட்டும் காத்திராது. முதல் மழையிலேயே கரைந்து மண்ணிற் சேரும். அறுவடை முடிந்ததும் வைக்கோலுக்குத் தீ வைப்போர் அதன் நைதரசனிற் பெரும்பகுதியைப் புகையாக்கிவிடுகின்றனர்.

வேலிகளில் நிற்கும் சீமைக்கிளுவையின் இயல்பு வேறு. அதன் இலையிற் காபன் 12 பங்களவே. நம் வெப்பத்திலும் ஈரத்திலும் மூன்று வாரத்திற் பாதி இலை கரைந்துபோகும். நன்மைதானே என்பீர்கள். ஆனால், வாடைக்காற்றோடு பெருமழை கொட்டும் மாதங்களில், வேர் பரவாத இளம்பயிருக்கு இதனை இட்டால், வெளிப்பட்ட நைதரசன் மணலூடே இறங்கி நாம் குடிக்கும் கிணற்றையும் வாவியையும் சேரும். வேர் பிடித்தபின் இடுவதே முறை. வைக்கோலோடு கலந்து பரப்பினால் சிதைவும் சற்று நிதானப்படும்.

2021ஆம் ஆண்டு மே மாதம் அரசாங்கம் செயற்கைப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து, நவம்பரிலே அத்தடையை நீக்கியது. இடைக்காலத்தில், "இலையே போதும்" என்றவர் பலர். கணக்கைப் பார்ப்போம். 50 கிலோ யூரியாவில் நைதரசன் 23 கிலோ. உலர்ந்த கிளுவை இலையில் அது நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு பங்கு. ஒரு மூடை யூரியாவுக்கு ஈடாக ஏறத்தாழ 3 தொன் பச்சை இலை வெட்டிச் சுமக்க வேண்டும்! ஒரு வேலி இதற்குப் போதுமா? பல ஆண்டு நட்டு வளர்த்தவருக்கே இது கூடும். சில மாதத்தில் ஆகிற காரியமன்று.

மாணவர்கள் இச்சிதைவை வீட்டிலேயே காணலாம். பழைய நுளம்பு வலைத் துணியிற் சிறு பைகள் தைத்து, ஒன்றிற் கிளுவை இலையும், ஒன்றில் வைக்கோலும், ஒன்றிற் பொச்சுத்தும்பும் சம நிறையாக இட்டு, தோட்டத்து மண்ணில் ஈரம் காயாத இடத்திற் புதையுங்கள். மூன்றாம் வாரம் எடுத்து, மண்ணை உதறி, உலர்த்தி நிறுத்துப் பாருங்கள். ஆராய்ச்சியாளர் கையாளும் முறையும் இதுவே. பொச்சுத்தும்பின் நிறையில் மாற்றம் காண்பது அரிது. அதிலுள்ள இலிக்னின் என்னும் மரப்பொருள் எளிதிற் சிதையாது. தென்னையடியிற் புதைத்த பொச்சு ஆண்டுக்கணக்காக ஈரம் தாங்குவதும் அதனால்தான்.