மின்சாரத்துக்கும் ஒரு சந்நிதி: கியோட்டோவில் தெரியுமா?

கியோட்டோ என்றால் பொற்கோயிலும் கிமோனோவும் மட்டும்தானா? ஜப்பானின் இந்தப் பழைய தலைநகரில், ஒரு நாள் முழுக்க மின்சாரத்தின் பின்னாலேயே ஊர் சுற்றலாம், தெரியுமா?

காலையில் நகரத்துக்குத் தெற்கே யவாத்தா. நின்று எரியும் பல்பு இழையைத் தேடி உலகெங்கும் ஆள் அனுப்பினார் எடிசன். வாகாகக் கிடைத்தது இந்த ஊர் மூங்கில்! அதைக் கரியாக்கிச் செய்த இழை 1000 மணி நேரத்துக்கும் மேல் எரிந்தது. இவாஷிமிசு ஹச்சிமான் ஆலயம் இருக்கும் மலையில் 1934-இல் எடிசனுக்கு நினைவுச்சின்னமே எழுப்பினார்கள்.

அடுத்து அராஷியாமா. கூட்டமெல்லாம் மூங்கில் காட்டுக்கு ஓடும். நீங்கள் ஆற்றின் தென்கரையில் ஹோரின்ஜி கோயிலுக்கு ஏறுங்கள். அங்கே மின்சாரத் தெய்வத்துக்கென்றே ‘தெந்தெங்கூ’ என்றொரு சந்நிதி! பக்கத்துத் தூணில் எடிசனும் இயற்பியலாளர் ஹெர்ட்ஸும் புடைப்புச் சிற்பங்களாக இருக்கிறார்கள். இன்னொரு விசேஷம்: 13 வயதுப் பிள்ளைகள் அறிவு வேண்டி இங்கே வருவார்கள். திரும்பும்போது தொகெத்சு பாலம் தாண்டும்வரை பின்னால் பார்க்கக் கூடாது. பார்த்தால் பெற்ற அறிவு போய்விடுமாம்!

உச்சக்கட்டம் கிழக்கே, கெயாகேயில். 1869-இல் பேரரசர் டோக்கியோவுக்குப் போய்விட, கியோட்டோ களையிழந்தது. ஊரை மீட்க, பிவா ஏரித் தண்ணீரை மலையைக் குடைந்து கொண்டுவரத் துணிந்தார்கள். பொறுப்பு யாருக்கு? கல்லூரியை அப்போதுதான் முடித்த 21 வயது தானாபே சகுரோவுக்கு! இந்தக் கால்வாய்தான் அவருடைய பட்டப்படிப்பு ஆய்வு. வலக்கையில் காயம் பட்டதால் வரைபடங்களை இடக்கையால் வரைந்தவர் அவர். முதல் சுரங்கமே 2,436 மீட்டர். வேலை நடக்கும்போதே அமெரிக்காவுக்குப் போய் நீர்மின் நிலையத்தைப் பார்த்தார், திட்டத்தில் மின்சாரத்தையும் சேர்த்துவிட்டார். 1890-இல் கால்வாய், 1891-இல் மின்நிலையம்!

அந்த மின்சாரம் என்ன செய்தது தெரியுமா? படகை ரயிலேற்றியது! படகு மிதந்து போக முடியாத சரிவில் 582 மீட்டர் தண்டவாளம். ஆட்களும் சரக்கும் இறங்காமலே, படகைத் தள்ளுவண்டியில் வைத்து மோட்டார் இழுத்தது. இன்று அந்தத் தண்டவாளத்தில் நடந்தே போகலாம், வசந்தத்தில் இருபுறமும் செர்ரிப் பூ. அருகே நான்சென்ஜி கோயில் வளாகத்துக்குள் செங்கல் வளைவுகளின் மேல் கால்வாய் நீர் ஓடுகிறது. புராதனக் கோயிலுக்குள் இப்படியொரு காட்சியை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

1895-இல் ஜப்பானின் முதல் மின்சார டிராம் சேவை தொடங்கியதும் கியோட்டோவில்தான். ஆரம்பத்தில் வண்டிக்கு முன்னால் சிறுவர்கள் ஓடி, “விலகுங்கள், ஆபத்து!” என்று கத்திக்கொண்டே போவார்களாம். அந்தக் காலத்து டிராம் ஒன்று ஹெயான் ஆலயத் தோட்டத்தில் நிற்கிறது, தவறவிடாதீர்கள்.

கெயாகே மின்நிலையம் இன்றும் மின்சாரம் தருகிறது. கியோட்டோ வீட்டுக் குழாய்களில் இன்றும் வருவது பிவா ஏரித் தண்ணீர்தான்!