காரும் லீசுக்குக் கிடைக்கிறது, கணக்குப் போட்டீர்களா?

நம் மைசூரில் "லீசு" என்றாலே வீடுதான் நினைவுக்கு வரும். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு இரண்டு, மூன்று வருஷம் வாடகையில்லாமல் குடியிருப்போம். காலி செய்யும்போது கொடுத்த பணம் திரும்பி வரும். தமிழ்நாட்டில் ஒத்தி என்றும் போக்கியம் என்றும் சொல்வது இதைத்தான்.

அண்மையில் நண்பர் ஒருவர் மின்சாரக் கார் லீசுக்கு எடுக்கப் போவதாகச் சொன்னார். "மூணு வருஷம் ஓட்டிட்டுத் திருப்பிக் கொடுத்தா பணம் வந்துடுமே சார்!" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கார் லீசு அப்படியல்ல. மாதாமாதம் கட்டுவது வாடகை. அது திரும்பி வராது. கெடு முடிந்தால் வண்டியும் நம்முடையதாகாது.

அதற்காக லீசு என்பதே ஏமாற்று வேலை என்று நினைத்துவிட வேண்டாம். நான் பணிபுரிந்த ரயில்வேயே லீசில் ஓடுவதுதான். 1986-இல் தொடங்கிய இந்திய ரயில்வே நிதிக் கழகம் கடன் பத்திரங்கள் மூலம் பணம் திரட்டி, எஞ்சின்களையும் பெட்டிகளையும் வாங்கி ரயில்வேக்குக் குத்தகைக்கு விடுகிறது. வாடகை நிலையானது, ஆகவே வண்டி ஓட ஓடத்தான் லாபம். ஷெட்டில் நின்றால் நஷ்டம்.

மின்சாரக் காரில் லீசுக்கு இன்னொரு நியாயமும் உண்டு. 2001-இல் பெங்களூரில் ரேவா கார் வந்தபோது அதில் இருந்தது பழைய ஈய-அமில பேட்டரி. சில வருஷங்களில் மாற்ற வேண்டுமே என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. இன்றைய லித்தியம் பேட்டரிக்குப் பல நிறுவனங்கள் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வரை உத்தரவாதம் தருகின்றன. ஆனாலும் புதுப்புது மாடல்கள் வருவதால், பழைய வண்டி என்ன விலைக்குப் போகும் என்று சொல்ல முடிவதில்லை. லீசில் அந்தக் கவலை லீசு நிறுவனத்துக்கு, நமக்கில்லை.

பேட்டரிக்கு மட்டும் வாடகை என்ற முறையும் வந்துவிட்டது. 2024 செப்டம்பரில் அறிமுகமான எம்.ஜி. விண்ட்சர் காரையே எடுத்துக்கொள்வோம். அப்போது ஆரம்ப ரகத்தின் ஷோரூம் விலை 13.50 லட்சம். பேட்டரியை வாடகைக்கு எடுத்தால் 9.99 லட்சம், கூடவே கி.மீ.க்கு 3.50 ரூபாய். அதாவது கையில் மிச்சமாவது 3.51 லட்சம்.

இப்போது பேப்பரும் பேனாவும் எடுங்கள். மாதம் 1,500 கி.மீ. ஓட்டுபவருக்கு வாடகை 5,250, வருஷத்துக்கு 63,000. ஐந்தரை வருஷத்தில் அந்த 3.51 லட்சம் கரைந்துவிடும். அவர் வண்டியைச் சொந்தமாக வாங்குவதே மேல். மாதம் 500 கி.மீ. ஓட்டும் ஓய்வூதியருக்கோ வருஷ வாடகை 21,000தான். மிச்சமான பணத்தை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டாலே வருஷத்துக்கு 24,570 வரும். அவருக்கு இது நல்ல பேரம்.

ஆனால் ஒரு வரி எல்லாவற்றையும் கவிழ்த்துவிடும். "குறைந்தபட்சம் மாதம் 1,500 கி.மீ.க்குப் பணம் கட்ட வேண்டும்" என்று ஒப்பந்தத்தில் இருந்தால், 500 கி.மீ. ஓட்டினாலும் 5,250 கட்டியாக வேண்டும். கி.மீ.க்கு 10.50 ரூபாய் ஆகிவிட்டது! இதற்கு மேல் மின்சாரச் செலவு வேறு, கி.மீ.க்கு ஏறக்குறைய ஒரு ரூபாய். லிட்டருக்கு 15 கி.மீ. தரும் பெட்ரோல் கார், லிட்டர் 100 ரூபாய் என்றாலும், 7 ரூபாய்க்குள் ஓடிவிடுமே!

ஆகவே சுருக்கம் இதுதான்: நிலையான மாத வாடகை, நிறைய ஓட்டுபவருக்கு. கி.மீ. வாடகை, குறைவாக ஓட்டுபவருக்கு. அதுவும் குறைந்தபட்ச நிபந்தனை இல்லாதிருந்தால் மட்டும்.

நிலையான வாடகையிலும் வருஷத்துக்கு இத்தனை கி.மீ. என்று வரம்பு வைப்பார்கள். தாண்டினால் தனிக் கட்டணம். நம்மவர்கள் ஆபீஸ், கடைத்தெரு, சாமுண்டி மலை என்று கணக்குப் போட்டுவிட்டு, ஊருக்குப் போய்வருவதை மறந்துவிடுவார்கள். திம்பம் வழியாகக் கோவை சுமார் 200 கி.மீ. மாதம் ஒருமுறை போய்வந்தால் அதுவே வருஷத்துக்கு 4,800 கி.மீ.!

கையெழுத்துப் போடுமுன் இவற்றையும் கேளுங்கள்:

1. முன்பணம், மாத வாடகை, கடைசிக் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?

2. இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயர் யார் செலவு?

3. திருப்பிக் கொடுக்கும்போது கீறல், நசுங்கலுக்கு எவ்வளவு பிடிப்பார்கள்?

4. இடையில் முறித்துக்கொண்டால் அபராதம் எவ்வளவு?

நாலாவது கேள்வி நமக்கு மிக முக்கியம். நம்மில் பலர் மாற்றலாகிப் போகும் உத்தியோகத்தில் இருப்பவர்கள். வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். முழு லீசு வண்டி பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரில்தான் பதிவாகியிருக்கும். சென்னைக்கு மாற்றலானால் அவர்கள் சம்மதம் இல்லாமல் காரியம் நடக்காது. ஆகவே மாற்றலானால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை போதாது.

நண்பரின் கதைக்கு வருகிறேன். அவர் மாதம் ஓட்டுவது 600 கி.மீ.தான். அவரிடம் நீட்டிய ஒப்பந்தமோ நிலையான மாத வாடகை! இரண்டு பேரும் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம். மறுநாளே அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். காரே வேண்டாம் என்று அவர் முடிவு செய்யவில்லை. தமக்கு ஏற்ற ஒப்பந்தம் கிடைக்கட்டும் என்று பொறுத்திருக்கிறார்.

நீங்களும் முதலில் உங்கள் பழைய வண்டியின் மீட்டரைப் பாருங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடியும் பாருங்கள். எந்த லீசு உங்களுக்குச் சரி என்பதை அந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.