ஏழு தந்தி வயலினும் மைசூர் சௌடையாவும்

கர்நாடக இசைக் கச்சேரியில் பாடகருக்குப் பக்கத்தில் அமர்ந்து வயலின் வாசிப்பவரின் பணி எளிதானதன்று. பாடகர் அடுத்து எதனைப் பாடுவார் என்பது பெரும்பாலும் அவருக்கு முன்னதாகத் தெரியாது. இராகத்தின் முதற்பிடியைக் கேட்ட மாத்திரத்தே அதனை உணர்ந்து, நிழல்போலப் பின்தொடர வேண்டும். தமது முறை வரும்போது தனித்து வாசித்துத் தம் புலமையையும் காட்ட வேண்டும். இவ்வளவையும் திறம்படச் செய்தாலும், வாசிப்பது சபையோரின் செவியில் விழாவிட்டால் பயன் என்ன? ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் வழக்கில் வராத காலத்திலே பக்கவாத்தியக்காரரை வருத்திய கேள்வி இதுதான். அதற்குத் தம் வாத்தியத்திலேயே விடை தேடியவர் மைசூர் சௌடையா.

வயலின் மேனாட்டிலிருந்து வந்த வாத்தியம். முத்துசுவாமி தீட்சிதரின் இளவலான பாலுசுவாமி தீட்சிதர் அதனை ஐரோப்பிய முறையிற் பயின்று நமது இசைக்குப் பழக்கினார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு அக்கருவியிற் பெற்றிருந்த தேர்ச்சியை மெச்சி, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834 ஆம் ஆண்டில் தந்தத்தாலான வயலினொன்றைப் பரிசளித்தார். மனிதக் குரலின் குழைவுகளையும் கமகங்களையும் அப்படியே எடுத்துக்காட்ட வல்லதாகையால், அது விரைவிலே கச்சேரி மேடையில் நிலைபெற்றது.

ஆயினும் ஒரு குறை இருந்தது. மேனாட்டார் தந்திகளை இறுக்கி, மாறாத உயர்ந்த சுருதியிலே வாசிப்பர். நம்மவரோ பாடகரின் சுருதிக்கேற்பத் தந்திகளைத் தளர்த்திக்கொள்கின்றனர். தந்தி தளர்ந்தால் நாதத்தின் வீச்சும் தணியும். திருவிழாப் பந்தல்களிலும் திருமண வீடுகளிலும், கணீரென்ற சாரீரமுடைய பாடகருக்கும் முழங்கும் மிருதங்கத்துக்கும் இடையே வயலினின் மெல்லிய நாதம் பின்வரிசையை எட்டுவது அரிதாயிற்று.

சௌடையா 1895 ஆம் ஆண்டில், மைசூர்ச் சீமையில் காவிரியும் கபினியும் கலக்கும் திருமகூடலு என்னும் ஊரிற் பிறந்தார். 1910 ஆம் ஆண்டளவில், மைசூர் அரண்மனை வித்துவான் பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் மாணவராகச் சேர்ந்தார். கிருஷ்ணப்பா புகழ்பெற்ற வாய்ப்பாட்டுக் கலைஞர். கண்டிப்பு மிகுந்த ஆசான். குருகுல முறையிலே நெடுங்காலம் அவரிடம் பயின்ற சௌடையா, குருவின் கச்சேரிகளுக்கே பக்கவாத்தியம் வாசிக்கும் நிலைக்கு உயர்ந்தார். பாட்டாசிரியரிடம் கற்ற வயலின் ஆகையால், அவரது வில்லிலே பாடலின் சொல்லும் பொருளும் ஒலித்தன.

1920களின் பிற்பகுதியில் அவர் தமது புதுமையைச் செய்தார். வயலினின் நான்கு தந்திகளோடு மேலும் மூன்று தந்திகளைச் சேர்த்து, துணைத் தந்திகளும் உடன் ஒலிக்குமாறு அமைத்தார். ஒரு குரல் பாடுமிடத்தில் இரு குரல்கள் இணைந்து பாடினாற்போல நாதம் பருத்தது. தொலைவிலிருந்தோருக்கும் தெளிவாய்க் கேட்டது. பத்தொன்பது தந்திகள் கொண்ட வயலினையும் அவர் ஆராய்ந்து பார்த்ததுண்டு.

சொல்வதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வேற்பாடு கையாளுவதற்கு மிகக் கடினமானது. இணைந்த இரு தந்திகளையும் விரல் ஒருசேர அழுத்த வேண்டும். வில் இரண்டையும் சமமாகத் தேய்க்க வேண்டும். சுருதியில் மயிரிழை பிசகினும் இரண்டும் ஒன்றோடொன்று முரணி அபசுரமாகும். ஆகவே ஏழு தந்தி வயலின் வாசிப்பவரின் வேலையைக் குறைக்கவில்லை, கூட்டியது. அதன் நாதம் தடித்துவிட்டது, நுண்ணிய கமகங்கள் மங்குகின்றன என்று குறை கூறியோரும் இருந்தனர். சௌடையா தமது கொள்கையைச் சொல்லால் நிறுவ முற்படவில்லை. இடைவிடாத சாதகத்தால் நிறுவினார்.

வெண்கலக் குரலுக்குப் பேர்பெற்ற செம்பை வைத்தியநாத பாகவதருக்கும், அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் முதலிய முன்னணிப் பாடகர்களுக்கும் அவர் பக்கபலமாய் விளங்கினார். செம்பையின் குரலுக்கு ஈடுகொடுத்து அவர் வாசித்த கச்சேரிகள் இசைச் சுவைஞரிடையே நெடுங்காலம் பேசப்பட்டன. மைசூர் அரண்மனை வித்துவானாகவும் விளங்கிய அவர், பிறந்த ஊரின் பெயரை நினைவூட்டும் ‘திரிமகுட’ என்ற முத்திரையோடு கீர்த்தனங்களும் இயற்றினார். 1957 ஆம் ஆண்டிலே சென்னைச் சங்கீத வித்துவத் சபை அவருக்குச் சங்கீத கலாநிதி விருதளித்தது. பாடகருக்குப் பின்னிற்பவராகக் கருதப்பட்ட பக்கவாத்தியக்காரர் ஒருவர் இசைமாநாட்டின் தலைமையிடத்தில் அமர்ந்தது அக்கலைக்கே கிடைத்த மதிப்பாகும். 1967 ஆம் ஆண்டு சனவரியில் அவர் மறைந்தார்.

ஒலிவாங்கி எங்கும் பரவிய பின்னர் ஏழு தந்தியின் தேவை குன்றிற்று. சௌடையாவின் மாணவர் சிலர் அதனைப் போற்றி வாசித்தனராயினும், பெரும்பாலானோர் நான்கு தந்திகளோடு அமைந்தனர். இதனாற் சௌடையாவின் முயற்சி வீணாயிற்று என்று கருதுதல் பொருந்தாது. கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவனும் கேட்க உரிமையுடையவன் என்று ஒரு கலைஞர் எண்ணியதன் விளைவே அக்கருவி. பெங்களூரில் 1980 ஆம் ஆண்டில் அவர் பெயரால் எழுப்பப்பட்ட மண்டபம் வயலினின் உருவிலேயே அமைந்துள்ளது. ஆயிரம்பேருக்கு மேல் அமரக்கூடிய அந்த மண்டபத்திலே, இன்று பின்வரிசையில் இருப்பவருக்கும் ஒலிபெருக்கியின் துணையால் வயலினின் நாதம் குறைவின்றிக் கேட்கின்றது.